டிபி முடிந்த பிறகும் சளியில் ரத்தம்: பூஞ்சைக்கும் ஒருமுறை பாருங்கள்

அப்பாவுக்கு டிபி மருந்து முடிந்து மூன்று வருடம் ஆகிறது, இப்போது மறுபடி இருமல், எடை குறைவு, சளியில் ரத்தக் கீற்று, பரிசோதனையில் கிருமி இல்லை, ஆனாலும் டிபி மாத்திரையையே திரும்பத் தொடங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தொடங்கும் முன் "பூஞ்சையாக இருக்குமா டாக்டர்" என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

டிபி ஆறினாலும் அது அரித்த இடம் நுரையீரலில் குழியாக நின்றுவிடுவதுண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் நுண்விதைகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, எல்லோரும்தான் சுவாசிக்கிறோம், ஆனால் இப்படி ஒரு குழி கிடைத்தால் அது அங்கேயே தங்கி, மாதக்கணக்கில் மெதுவாக வளர்ந்து, சிலருக்குப் பந்துபோலத் திரண்டுவிடும். அறிகுறியும் எக்ஸ்ரேயும் டிபி மாதிரியே இருக்கும். டிபி மருந்து இதை ஒன்றும் செய்யாது.

நெஞ்சு சிடி ஸ்கேன், ரத்தத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி (இந்தப் பூஞ்சைக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் சோதனை), இந்த இரண்டையும் நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். சளியை டிபி கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பட்டும், டிபியும் பூஞ்சையும் சேர்ந்தே இருக்கலாம்.

பூஞ்சைதான் என்றால் பெரும்பாலும் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, குறைந்தது 6 மாதம். டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினோடு சேர்த்தால் இதன் வீரியம் வெகுவாக விழுந்துவிடும், அசிடிட்டி மாத்திரையும் கேப்சூலைக் கெடுக்கும், அதனால் அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் காட்டுங்கள்.

அப்புறம், ரத்தம் கீற்றாக இல்லாமல் வாய் நிறைய வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அந்த நேரமே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.