கம்பியைக் குறுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கிட்டார் செய்யப் பழகி வருகிறேன். என் பட்டறை ஒரு சிறிய அறை. முகப்பலகையின் (கிட்டாரின் மேற்பலகை) உட்புறத்தில் அதைத் தாங்கும் மரப்பட்டைகளை ஒட்ட, நீங்கள் முன்பு எழுதிய கோ-பார் சட்டத்தைச் செய்ய விரும்புகிறேன். மேலும் கீழும் தட்டுகள், நடுவே வளைந்து நின்று அழுத்தும் கம்பிகள்; இந்தக் கம்பிகள்தான் கோ-பார்கள். ஆனால் அது மேசை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. இரண்டு வழிகள் தோன்றுகின்றன. மேல்தட்டுக்குப் பதிலாகச் சுவர் அலமாரியின் அடியிலேயே கம்பிகளை முட்டுக்கொடுக்கலாம். அல்லது 60 செ.மீ. கம்பிகளை 30 செ.மீ. ஆக்கிச் சட்டத்தையே சிறிதாக்கலாம். எது நல்லது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் வேண்டாம்.

முதல் வழியில் நானே அடிபட்டிருக்கிறேன். பதினைந்து கம்பிகள் வரை அலமாரி அசையவில்லை. முப்பதைத் தாண்டியதும் மெல்ல மேலெழும்பியது. திருகாணிகள் சுவரிலிருந்து பிதுங்கின. கம்பிகள் சரிந்து, பசை காயாத பட்டைகள் முகப்பலகைமேல் வழுக்கிப் போயின. அலமாரி தாங்கக்கூடியது கீழ்நோக்கிய பாரத்தை. கோ-பார் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. 5 மி.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள ஃபைபர் கிளாஸ் கம்பி ஒன்று ஏறக்குறைய மூன்றரைக் கிலோ விசையோடு தள்ளும். நாற்பது கம்பிகளுக்கு 140 கிலோ. இரண்டு ஆட்கள் அடியில் குனிந்து நின்று முதுகால் நெம்புவதற்குச் சமம்.

அந்த விசை சுவருக்கோ கூரைக்கோ போகவே கூடாது. கருவிக்குள்ளேயே பிறந்து கருவிக்குள்ளேயே அடங்க வேண்டும். நான்கு மூலைகளிலும் மரையிட்ட இரும்புக் கம்பிகளால் இரு தட்டுகளையும் பிணைத்துவிட்டால், கோ-பார்கள் தட்டுகளைப் பிரிக்கப் பார்க்கும், மூலைக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். மேசை சுமப்பது சட்டத்தின் எடையை மட்டும்தான்.

இனி, கம்பியைக் குறுக்குவது. வளைந்து நிற்கும் கம்பியின் விசைக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கணக்குச் சொல்லிவிட்டார். நீளம் பாதியானால் விசை நான்கு மடங்கு. உங்கள் மூன்றரைக் கிலோ 14 கிலோவாகிவிடும். முகப்பலகைக்குப் பயன்படும் ஸ்புரூஸ் மென்மரம், அதில் தழும்பு விழும். 3.5 மி.மீ. கம்பிக்கு மாறினால் பழைய விசை திரும்பும் என்பது உண்மை. ஆனால் பட்டைகள் எல்லாம் ஒரே உயரமில்லையே. ஒன்று 6 மி.மீ., இன்னொன்று 20 மி.மீ. உயரமான பட்டைமேல் நிற்கும் குட்டைக் கம்பி தன் நீளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் பக்கவாட்டில் பிதுங்கும். பக்கத்துக் கம்பியை இடிக்கும், முறியும் அபாயமும் கூடும். நீளக் கம்பி இந்த வேறுபாட்டைப் பெரிதுபடுத்துவதில்லை. கொஞ்சம் வளைந்தாலும் கூடுதலாக வளைந்தாலும் ஏறக்குறைய ஒரே விசைதான். நாற்பது இடங்களிலும் சம அழுத்தம் கிடைக்கும் இந்தக் குணத்துக்காகத்தான் பியானோவின் ஒலிப்பலகை செய்பவர்களும் இதே முறையை நாடினார்கள். உயரத்தை மிச்சப்படுத்தப் போய் இதை இழந்துவிடாதீர்கள்.

இடத்தைச் சேமிக்க, சட்டத்தைக் கழற்றி வைக்கும்படி செய்யுங்கள். மூலைக் கம்பிகள் நான்கின் மேலும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைச் செருகி, தட்டுகளுக்கு வெளியே மட்டும் நட்டு போடுங்கள். குழாய்களையும் கோ-பார்களையும் ஒரே நீளத்தில், அதாவது 60 செ.மீ.யில், வெட்டினால் போதும். பலகையும் பட்டையும் சேர்ந்த உயரமே கம்பியைத் தேவையான அளவு வளைத்துவிடும். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் இடைவெளி மாறாது. வேலை முடிந்ததும் தட்டுகளைச் சேர்த்துச் சுவரோரம் நிறுத்த ஒரு சாண் இடம் போதும்.

அடித்தட்டையே வளைவுத் தட்டாக, அதாவது முகப்பலகைக்கு லேசான வளைவு தரும் குழிந்த தட்டாக, குடைந்துவிட்டால் இன்னொரு பொருள் குறையும். 25 அடி ஆரம் என்றால் 40 செ.மீ. அகலத்துக்கு நடுவில் 2.6 மி.மீ. பள்ளம். முகப்பலகையின் வடிவம் இதிலிருந்துதான் வருகிறது, ஆகவே அடித்தட்டு துளியும் வளையக் கூடாது. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி, அடியில் 4 செ.மீ. உயர விட்டங்கள் கொடுங்கள். மேல்தட்டு ஒன்றிரண்டு மி.மீ. வளைந்தால் கவலை வேண்டாம்.

கம்பி நழுவினால் அம்புபோலப் பாயும். கண்ணாடி அணியாமல் அருகில் போகாதீர்கள்.

முதல் தடவை பசையின்றி, வீண் பலகையும் பட்டைகளும் வைத்து எல்லாக் கம்பிகளையும் நிறுத்தி ஓரிரவு விட்டுப் பாருங்கள். காலையில் சட்டம் மேசைமேல் ஆடினால் அடித்தட்டு வயிறு தள்ளியிருக்கிறது என்று பொருள். இன்னும் இரண்டு விட்டங்கள் ஒட்டிய பிறகு பசையைத் திறவுங்கள்.

அன்புடன்.