மீன் தொட்டி வைத்தியம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டெட்ரா மீன்களின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மருந்து ஊற்றிய மூன்றாம் நாளே மறைந்ததால் நிறுத்திவிட்டேன். ஒரு வாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பியிருக்கின்றன. மருந்து போலியா?

பதில்: மருந்து சரிதான். சீக்கிரம் நிறுத்தியதுதான் கோளாறு. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும், 'இக்' என்னும் ஒட்டுண்ணி மீன்தோலுக்கு அடியில் இருந்து வளரும் இடம். அங்கே அதை மருந்து தொடாது. வளர்ந்ததும் தானாகவே உதிர்ந்து கூழாங்கல்லிலும் செடியிலும் ஒட்டிக்கொள்ளும். தன்னைச் சுற்றிக் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் கூட்டையும் மருந்து துளைக்காது. குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடி நீந்தும் ஒன்றிரண்டு நாளில்தான் மருந்தால் அவற்றைக் கொல்ல முடியும். மூன்றாம் நாள் நீங்கள் கண்டது உதிர்வு, குணம் அல்ல.

ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் விடாமல் மருந்து கொடுங்கள். ஹீட்டரைச் சில மணிக்கு ஒரு டிகிரி வீதம் 28 வரை ஏற்றினால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக ஓடி, மருந்துக்குச் சீக்கிரம் அகப்படும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்தை அது உறிஞ்சிவிடும். மருந்துக்கான தண்ணீர் அளவைக் கண்ணால் ஊகிக்கவே கூடாது: 60 × 30 × 30 செ.மீ. தொட்டி கணக்குப்படி 54 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் கழித்தால் உண்மையில் 45 லிட்டர்தான் தேறும். மருந்தை எளிதில் தாங்காத லோச், கோரிடோராஸ் மீன்கள் இருந்தால் பாதி மருந்தில் தொடங்குங்கள்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். உப்புக்கல் போலத் தனித்தனியாகப் புடைத்து நின்றால் இக். பொன்தூள் பூசியதுபோல் உடம்பே மினுங்கினால் அது வெல்வெட் நோய். அதற்குத் தாமிரம் சேர்ந்த மருந்து வேண்டும். தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், அவற்றை முன்பே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு நாள் முன்பு ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவினேன். இப்போது எல்லா மீன்களும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஆன்டிபயாட்டிக் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் எல்லா மீனுக்கும் கோளாறு என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கழிவைச் செரிக்கும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருந்தது. குழாய் நீரின் குளோரின் அதைக் கொன்றிருக்கும். ஆன்டிபயாட்டிக் மிச்சம் மீதியையும் அழிக்கும்.

தண்ணீர் டெஸ்ட் கிட்டில், கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், நாளையும் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் அதே சூட்டில், ஆன்டி குளோரின் கலந்து இருக்கட்டும். செவுள் செக்கச்சிவந்து எரிந்ததுபோல் இருந்தால் அமோனியா, பழுப்பேறினால் நைட்ரைட். நைட்ரைட் என்றால் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைத் தனியே கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுக்கும். இரண்டு மூன்று நாள் தீனி போடாதீர்கள். இனி ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

கேள்வி: மோலியின் வாயில் பஞ்சு போல வெள்ளை. பூஞ்சை என்று ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றினேன், வேகமாகப் பரவுகிறது.

பதில்: வாயோரத்தில் குட்டையாகச் சாம்பல் வெள்ளையில் படர்வது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. பூஞ்சை இழை நீளமாக, காயத்தின் மேல் மொசுமொசுவென்று நிற்கும். இந்தப் பாக்டீரியாவுக்குச் சூடுதான் கொண்டாட்டம். மெல்ல 24-க்கு இறக்கி, அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, கால்நடை மருத்துவரிடம் ஆன்டிபயாட்டிக் கேளுங்கள். தாமதித்தால் ஓரிரு நாளில் உயிர் போகலாம்.

கேள்வி: ஃபைட்டர் மீனின் வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்து நிற்கின்றன. பிழைக்குமா?

பதில்: சிறுநீரகம் கைவிட்டு உடம்பில் நீர் கோத்திருக்கிறது; பிழைப்பது அரிது. வேறு பாத்திரத்தில் 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு கரைத்து வைத்தால் வீக்கம் சற்று வடியலாம். கல்லுப்பை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள். நீர்மட்டத்தைத் தாழ்த்தி வையுங்கள். மூச்செடுக்க மேலே வர அது சிரமப்படக் கூடாது.