மச்சு பிச்சுவுக்கு நடந்து போக ஆசையா? விமான டிக்கெட்டைக் கடைசியில் போடுங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது, மனைவிக்கு 50. சென்னையில் இருக்கிறோம். அடுத்த ஜூலையில் பெரு நாட்டுக்குப் போய், பழங்கால இன்கா மக்கள் போட்ட இன்கா பாதையில் நான்கு நாள் நடந்து, அவர்களுடைய இடிந்த மலை நகரமான மச்சு பிச்சுவைப் பார்க்க ஆசை. இருவரும் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறோம். மனைவிக்குப் படி இறங்கும்போது மட்டும் முழங்கால் வலிக்கும். அங்கே 9 நாள்தான் தங்க முடியும். விமான டிக்கெட் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பயணத்தில் எல்லாத் தேதிகளையும் முடிவு செய்வது பாதைக்கான அனுமதிச் சீட்டுதான். இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேரைத்தான் விடுகிறார்கள். வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்குபவர் எல்லோரும் அந்த 500-க்குள் அடக்கம். பயணிகளுக்கு மிஞ்சுவது சுமார் 200 இடம். ஜூலை அங்கே மழை இல்லாத காலம் என்பதால் உலகமே அப்போதுதான் கிளம்பும். சீட்டு பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். நீங்களாகவே போய் நடக்கவும் முடியாது. அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் பதிவு செய்யலாம். சீட்டில் உங்கள் பாஸ்போர்ட் எண் இருக்கும், அதை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழையதையும் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்தது உயரம். மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், நம் தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. இதைக் கேட்டுப் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் விமானம் உங்களை இறக்கிவிடும் குஸ்கோ நகரம் 3,400 மீட்டரில் இருக்கிறது. நடைப் பாதையின் உச்சியான வார்மிவான்யுஸ்கா கணவாய் சுமார் 4,215 மீட்டர். கடல் மட்டத்தில் இருக்கும் லிமாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் குஸ்கோவில் இறங்கும் உடம்புக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது சகஜம். தினமும் ஓடுகிறவருக்கும் வரும். உடல் தெம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதனால் குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், காரில் கீழே இறங்கி ஒயாந்தைதாம்போவுக்குப் போய்விடுங்கள். அது சுமார் 2,800 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கினால், ஊருக்கு மேலே இருக்கும் இன்கா காலத்துப் படிக்கட்டு மேடைகளை நிதானமாகப் பார்க்கலாம். மச்சு பிச்சுவுக்குப் போகும் அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் இடம் அது. பிறகு குஸ்கோவில் இரண்டு இரவு. அதற்கப்புறம்தான் நடை. இந்த உயரத் தொல்லைக்கு அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று சொல்லி, மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் சாப்பிடுங்கள். தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே கீழே இறங்க வேண்டும்.

இப்போது முழங்கால். உண்மையில் உங்கள் கேள்வியே இதுதான். இரண்டாம் நாள் கணவாய் ஏற்றத்தை நினைத்து எல்லோரும் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் நின்று நின்று போகலாம். இறக்கம்தான் முழங்காலை வாட்டும். கணவாயைத் தாண்டியதும் சுமார் 600 மீட்டர் கீழே இறங்க வேண்டும். மூன்றாம் நாள் புயுபட்டமார்க்கா இடிபாடுகளிலிருந்து வின்யாய் வைனா இடிபாடுகள் வரை இறக்கம் ஏறக்குறைய 1,000 மீட்டர், பெரும்பாலும் ஒழுங்கில்லாத கற்படிகள். நடுவில் முடியவில்லை என்றால் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் இடம் கிடையாது. படி இறங்க வலிக்கும் ஒருவரை இந்த வழியில் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது குறுகிய இன்கா பாதை. ஒயாந்தைதாம்போவில் ரயில் ஏறி, ரயில் பாதையின் 104-ஆம் கிலோமீட்டரில் இறங்கி, சுமார் 12 கிலோமீட்டர் நடை. ஒரே பகல். பெரும்பகுதி ஏற்றம், உயரமும் 2,700 மீட்டரை ஒட்டித்தான். இன்கா பாதையின் இடிபாடுகளில் எனக்கு மிகவும் பிடித்த வின்யாய் வைனா இந்த வழியிலேயே வருகிறது: செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் வயல் மேடைகள், வரிசையாக நீர்த் தொட்டிகள். இன்டிபுங்கு வாசல் வழியாக மச்சு பிச்சுவை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பும் உண்டு. இரவு கீழே அகுவாஸ் காலியன்ட்டஸ் ஊரில் ஓட்டல், மறுநாள் இடிபாடுகளை நிதானமாகச் சுற்றலாம். நான்கு நாள் வழியில் வரும் ருங்குராக்காய், சயாக்மார்க்கா இடிபாடுகள் இரண்டையும் இழப்பீர்கள், கூடாரத்து இரவுகளும் போச்சு. ஆனால் 9 நாளில் நான்கு நாள் நடையை வைத்தால் ஒரு நாள்கூட மிச்சம் இருக்காது. இதில் இருக்கும். இதற்கும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சீட்டு கிடைக்கவில்லை என்றால் நிறுவனங்கள் சல்காந்தை பாதையைக் காட்டும். அது 4,600 மீட்டரைத் தாண்டிப் போவது, பனிமலைக்காகப் போகிறவர்களுக்கானது. சோக்கெகிராவ் இடிபாடுகள் அற்புதமானவை, கூட்டமும் இல்லை. ஆனால் அபுரிமாக் ஆற்றுக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்கி, மறுபக்கம் அதே அளவு ஏறி, வந்த வழியே திரும்ப வேண்டும். இந்த முழங்காலோடு இரண்டும் வேண்டாம்.

நான்கு நாள் நடையை விடவே மனமில்லை என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் தொடைத் தசைப் பயிற்சி கேட்டு மூன்று மாதம் செய்துவிட்டு, கொடைக்கானல் பக்கம் போய் அடுத்தடுத்து இரண்டு நாள், ஆறு மணி நேரம் ஏறி இறங்குங்கள். மூன்றாம் நாள் காலை மனைவி வலியில்லாமல் படி இறங்கினால் திரும்ப யோசிக்கலாம். ஒரு மணி நேர சமதள நடை இதற்குப் பயிற்சியே ஆகாது.

மற்றவை சின்ன விஷயங்கள். ஊன்றுகோலின் முனையில் ரப்பர் மூடி வேண்டும். காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று பாருங்கள். சைவம் என்றால் சூப்பில் கோழிச்சாறும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள், பலருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது. நான்கு நாள் நடைக்கே போவதானால், மிக மலிவான நிறுவனத்தைத் தவிருங்கள். சுமை தூக்குபவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று 2001-லிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது. விலை குறையும்போது முதலில் அடிபடுவது அவர்கள் கூலிதான்.

கோக்கா இலைத் தேநீர் எல்லா ஓட்டலிலும் தருவார்கள், அங்கே தாராளமாகக் குடிக்கலாம். இலையை மட்டும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள். இந்தியாவில் அது போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கீழ் வரும்.