திறந்த வன்பொருளும் திறந்த மென்பொருளும் மட்டுமே கொண்டு மொபைல் போன் செய்ய முடியுமா?

முழுக்க முடியாது. திரை, பலகை, இயங்குதளம் எல்லாம் திறந்ததாக இருக்கலாம். டவருடன் பேசும் மோடத்தின் ஃபர்ம்வேர் (சில்லுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) மட்டும் பெரும்பாலும் மூடியதே, அதைத் திறந்து பார்க்கவோ மாற்றவோ முடியாது. லினக்ஸ் ஓடும் பைன்போன் என்ற மொபைலிலும் மோடம் தனிச் சில்லுதான், யுஎஸ்பி வழியாக இணைகிறது. நீங்களும் அப்படியே பிரித்து வையுங்கள். மோடத்துக்கு உங்கள் நினைவகத்தில் கை வைக்க வழியிருக்காது.

தேவையானவை: லினக்ஸ் ஓடும் சிறு பலகை, 4ஜி மோடம், ஆன்டெனா, தொடுதிரை, மைக், ஸ்பீக்கர், லித்தியம் பேட்டரி, அதற்குப் பாதுகாப்புச் சுற்றுடன் சார்ஜர். 2ஜி மட்டும் உள்ள மலிவு மோடம் வேண்டாம். பல நாடுகளில் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். வோல்டிஇ (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) உண்டா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 4ஜி மட்டுமே உள்ள இடத்தில் டேட்டா வரும், கால் வராது.

பெரும்பாலோர் சிக்குவது மின்சாரத்தில்தான். 4ஜி கிடைக்காமல் 2ஜி-க்கு இறங்கினால் மோடம் நொடிக்கு சுமார் 217 முறை, துடிப்பு துடிப்பாக 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒயர் மெல்லியதாக இருந்தால் மின்னழுத்தம் சரிந்து, கால் போடும் நேரத்தில் மோடம் ரீஸ்டார்ட் ஆகும். தடித்த, குட்டையான ஒயர் போட்டு, மோடத்தின் பவர் பின்னை ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். ஸ்பீக்கரில் கேட்கும் 'டர்ர்ர்' சத்தமும் அதே துடிப்புதான். மைக் ஒயரை ஆன்டெனாவிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

திரையை மாட்டும் முன் சீரியல் இணைப்பு வழியாக ஏடி கட்டளைகளால் (மோடத்துக்கு அனுப்பும் சிறு எழுத்துக் கட்டளைகள்) சோதியுங்கள். நெட்வொர்க் பதிவைக் கேட்டால் '0,1' வர வேண்டும், ரோமிங்கில் '0,5'. டயல் கட்டளையின் கடைசியில் அரைப்புள்ளி (;) கட்டாயம். விட்டால் மோடம் அதை டேட்டா அழைப்பாக எடுத்துக்கொள்ளும். இது சரியானபின் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் ஃபோஷ் என்ற தொடுதிரை இடைமுகம் போடுங்கள்.