.308ஐ விட்டு 6.5 க்ரீட்மோருக்கு மாறணுமா? அவசரம் வேண்டாம்

நண்பரே, 300 கஜத்தில் நெருக்கமாக விழும் உங்கள் .308 வின்செஸ்டர் தோட்டா, 1000 கஜத்தில் இலக்குத் தாள் முழுக்கச் சிதறுகிறது, அதனால் ரைஃபிளையே மாற்றி, இன்னும் மெல்லிய புல்லட் கொண்ட 6.5 க்ரீட்மோர் தோட்டாவுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சுடுவது 168 கிரெய்ன் (புல்லட்டின் எடை அளவு) மேட்ச்கிங் என்ற போட்டிப் புல்லட். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

அந்தப் புல்லட்டின் பின்முனை ஒடுங்கும் சரிவு 13 டிகிரி. 300 மீட்டருக்கு அருமை. ஆனால் 1000 கஜத்தை நெருங்கும்போது வேகம் ஒலியின் வேகத்துக்கு அருகில் இறங்கிவிடும், அங்கே அது தள்ளாட ஆரம்பிக்கும். தாளைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், 175 கிரெய்னுக்கு மாறுங்கள்.

ஓட்டைகள் வட்டமாகவே இருந்து, சிதறல் மேலும் கீழுமாக இருக்கிறதா? குரோனோகிராஃப் (புல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு தோட்டாவின் வேகத்தையும் அளந்து பாருங்கள். நொடிக்கு 20 அடி வித்தியாசம் வந்தாலே அந்தத் தூரத்தில் ஏறக்குறைய அரை அடி ஏறி இறங்கும். அஞ்சு தோட்டா சுட்டு முடிவுக்கு வராதீர்கள், இருபதாவது வேண்டும். (கடைக்காரர் காட்டும் மூன்று தோட்டா குரூப்பை (ஒரே இலக்கில் விழுந்த ஓட்டைகளின் கூட்டத்தை) நான் மதிப்பதே இல்லை.)

பக்கவாட்டில் சிதறினால் காற்று. அங்கேதான் 6.5க்கு உண்மையான லாபம்: 140 கிரெய்ன் மேட்ச் புல்லட் உங்கள் 168ஐவிடத் காற்றில் தெளிவாகக் குறைவாக ஒதுங்கும், உதையும் குறைவு. ஆனால் பேரல் சீக்கிரம் தேயும். அதோடு, எஃப்-கிளாஸ் என்ற தொலைதூரச் சுடும் போட்டியின் எஃப்/டிஆர் பிரிவில் .223, .308 என்ற இரண்டு தோட்டா வகைகளுக்கு மட்டும்தான் அனுமதி. அதில் போட்டியிடும் எண்ணம் இருந்தால் 6.5 வாங்கிப் பயனில்லை.

தாளின் படம் இருந்தால் போடுங்கள்.