செத்தவருக்குப் பதவி உயர்வு

அன்புள்ள ஐயா,

என் மகள் ஜப்பானில் ஃபுகுவோகாவில் மேற்படிப்பு படிக்கிறாள். பக்கத்தில் தசாய்ஃபு என்ற ஊரில் படிப்புக்கான தெய்வத்தின் கோயில் இருக்கிறதென்று தோழிகள் கூட்டிப்போயிருக்கிறார்கள். மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிட்டுப் படம் அனுப்பினாள். தேடிப் பார்த்தால், அந்தத் தெய்வம் பழிவாங்கிய ஆவி என்று போட்டிருக்கிறது! பேயை எப்படித் தெய்வமாக்கினார்கள்? அறிவியலில் இவ்வளவு முன்னேறிய நாட்டில் ஏன் இந்த மூடநம்பிக்கை? நம் மாடசாமியும் இதே வகைதானா? அவள் அங்கே கும்பிடலாமா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

மகளைத் திட்டிவிடாதீர்கள். திட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடநம்பிக்கை என்று ஒரு ரப்பர் முத்திரையை எல்லாரும் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். குத்திவிட்டால் கோப்பு முடிந்தது, அப்புறம் யோசிக்க வேண்டாம். இவ்வளவு அக்கறையாகத் தேடிப் படித்த நீங்களும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் எனக்குக் கோபம் வராதா? மாடசாமியைப் பற்றி இன்னொரு நாள். போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய ஆள் இல்லை அவர்.

வன்மம் தீராமல் செத்தவரின் ஆவியை ஜப்பானில் ஓன்ரியோ என்பார்கள். அதையே சாந்தப்படுத்தி வழிபடும்போது கோர்யோ என்று மரியாதையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து அரண்மனை கண்ட பேய்க்கெல்லாம் பயப்படவில்லை. கூடவே உட்கார்ந்து அரசியல் செய்து, பழி போட்டு, நாடு கடத்தி, தாங்களே தொலைத்துக்கட்டிய பெரிய மனிதர்களின் பேய்க்குத்தான் பயந்தது.

இளவரசர் சவாரா, பேரரசர் கன்முவின் தம்பி, அடுத்துப் பட்டத்துக்கு வர வேண்டியவர். 785இல் புதுத் தலைநகரான நாகாவோகாவைக் கட்டிக்கொண்டிருந்த அதிகாரி கொல்லப்பட்டார். பழி தம்பிமேல் விழுந்தது. அவர் சாப்பாட்டைத் தொடாமல், அவாஜித் தீவுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிரை விட்டார். உடலையும் விடவில்லை, அவாஜிக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். உத்தரவு உத்தரவுதானே! பிறகு கன்முவின் தாய் போனார், பட்டத்தரசி போனார், புதிய பட்டத்து இளவரசர் நோயில் விழுந்தார். 794இல் தலைநகரே இன்றைய கியோட்டோவுக்கு இடம் மாறியது (வெள்ளமும் ஒரு காரணம்). 800இல், செத்த தம்பிக்குப் ‘பேரரசர் சூதோ’ என்று பட்டம் கட்டினார் அண்ணன்.

இனிமேல் வருவதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். 863இல் கொள்ளைநோய். குற்றம் சாட்டப்பட்டுச் செத்தவர்களின் ஆவிகள்தான் நோயாக வருகின்றன என்று ஊரே நம்பியது. ஷின்சென்-என் என்ற அரண்மனைத் தோட்டத்தில் சவாரா முதலான ஆறு ஆவிகளுக்கு அரசாங்கமே விழா எடுத்தது. சூத்திரம் ஓதினார்கள், ஆட்டமும் பாட்டும் நடந்தன. வாசல் கதவைத் திறந்து ஜனங்களையும் உள்ளே விட்டார்கள். எல்லாம் அரசாங்க வரலாற்று நூலில் பதிவாகியிருக்கிறது.

அந்த நூலைத் தொகுத்த குழுவில் இருந்த இரண்டு அமைச்சர்களை மட்டும் பாருங்கள். ஒருவர் சுகவாரா நோ மிச்சிசானே. உங்கள் மகள் பலகை தொங்கவிட்டது இவருக்குத்தான். இன்னொருவர் ஃபுஜிவாரா நோ தொகிஹிரா. மிச்சிசானேயை ஒழித்தவர் என்று பெயர் வாங்கியவர். நூல் முடிந்தது 901இல். அது முடிவதற்குள், அதே வருடத் தொடக்கத்தில், மருமகனை அரியணை ஏற்றச் சதி செய்தார் என்று சொல்லி மிச்சிசானேயைத் தசாய்ஃபுவுக்கு அனுப்பியாகிவிட்டது. பேருக்கு ஒரு பதவி, செய்ய வேலை கிடையாது. 903இல் அங்கேயே இறந்தார்.

பொய்ப்பழியில் செத்தவனுக்கு விழா எடுக்க வேண்டிவந்த கதை தொகிஹிராவுக்குத் தெரியாதா? அவர் மேற்பார்த்த நூலிலேயே இருந்தது. படித்தவன் தப்புச் செய்யமாட்டான் என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

909இல் தொகிஹிரா இளவயதில் செத்தார். 923இல் பட்டத்து இளவரசர். 930இல் அரண்மனைக் கட்டடத்தின் மேலேயே இடி விழுந்து அதிகாரிகள் செத்தார்கள். பேரரசர் தாய்கோ படுக்கையில் விழுந்து, சில மாதங்களில் அவரும் போனார். இடியெல்லாம் இயற்கை என்று எனக்கும் தெரியும். அதை எழுதி அடுத்த கடிதம் போடாதீர்கள்.

அவர்கள் என்ன பரிகாரம் செய்தார்கள் என்று பாருங்கள். தலைநகர் கியோட்டோவின் கித்தானோவில் கோயில் கட்டியது 947இல், பிற்பாடுதான். அதற்கு முன்பே 923இல் செய்தது ஆபீஸ் வேலை. நாடுகடத்தல் உத்தரவை ரத்து செய்து அழித்தார்கள். பழைய அமைச்சர் பதவியைத் திருப்பிக் கொடுத்து, கூடவே ஒரு படி உயர்த்தினார்கள். 993இல் தலைமை அமைச்சராகவே ஆக்கினார்கள், செத்து 90 வருடம் கழித்து. ஆவி கேட்டது பொங்கலும் சுண்டலும் அல்ல. போட்ட கையெழுத்தைத் திரும்ப எடு என்று கேட்டது. குறைந்தபட்சம், அது அப்படித்தான் கேட்கும் என்று கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போன மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். அதில் அப்பாவின் உத்தரவு இருந்தது. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. ஒரு கோப்பு காணாமல் போனதற்கு அவருக்கு மெமோ கொடுத்தார்கள், சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை, மேல்முறையீடு என்று இழுத்ததில் ஓய்வு வயதும் வந்துவிட்டது. தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் போகிறவர் மாதிரி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தபால்காரர் தாண்டிப் போனபிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அவர் போய் நாலு வருடம் கழித்து உத்தரவு வந்தது. குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன, நிலுவைத்தொகை வழங்கப்படும், இன்ன தேதியிலிருந்து நோஷனல் புரமோஷன். அம்மா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். “செத்தவருக்கா புரமோஷன்?” என்றாள். படத்துக்கு முன்னால் வைப்பாள் என்று நினைத்தேன். ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

அப்பா யார் தலையிலும் இடியாக விழவில்லை. விழுந்திருந்தால் உத்தரவு கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கும்.

என்ன கேட்டிருந்தீர்கள்? கும்பிடலாமா என்று. தாராளமாக. மிச்சிசானே அடிப்படையில் வாத்தியார், கவிஞர். கோபம் ஆறியபிறகு அவர் படிப்பின் பக்கம் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை. 870இல் அவரும் பெரிய பரீட்சை ஒன்று எழுதினார். ஒரு கேள்வி நிலநடுக்கத்தைப் பற்றியது. பாஸ்தான், ஆனால் கிடைத்தது நடுத்தர மதிப்பெண். மகளிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். கோயிலுக்குப் போகும் தெருவில் உமெகாஎ மோச்சி என்று, பயறுப் பூரணம் வைத்து, ப்ளம் பூ அச்சு பதித்துச் சுட்ட அரிசிப் பலகாரம் விற்பார்கள். நாடு கடத்தப்பட்டுக் கிடந்தவருக்கு ஒரு கிழவி இரக்கப்பட்டுக் கொடுத்த பண்டம் என்று அதற்கும் ஒரு கதை உண்டு. ஆறிப்போனால் நன்றாக இருக்காது, அங்கேயே நின்று சுடச்சுடச் சாப்பிடச் சொல்லுங்கள்.