தோணியிலிருந்து கோஸ்டர் வரை: கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி, இருப்பது மும்பைச் செம்பூர். முப்பது வருடத்துக்கு மேல் கரையோரச் சரக்குக் கப்பல்களில், அதாவது நாங்கள் கோஸ்டர் என்று சொல்கிறவற்றில், என்ஜின் அறையில் வேலை பார்த்தேன். போன வாரம் பாவுச்சா தக்கா என்ற மும்பைப் படகுத்துறையில் எடுத்த ஒரு பார்ஜ் (தட்டையடிச் சரக்குப் படகு) படத்தைப் போட்டதற்கு இத்தனை கேள்விகள் வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தாராவியிலிருந்து: அண்ணாச்சி, கோஸ்டர் என்றால் பெரிய கப்பலையே சின்னதாகச் செய்ததுதானே?

இல்லை தம்பி. பெரிய கப்பலை நடுக்கடலுக்காகக் கட்டுவார்கள், கோஸ்டரைக் கரைக்காகக் கட்டுவார்கள். போகிற துறைமுகத்தில் எத்தனை அடி தண்ணீர், வாசலில் மணல்திட்டு உண்டா, வற்றுநீரில் தரை தட்டினால் சாயாமல் உட்காருமா, கிரேன் இல்லாத ஊரில் சரக்கை எப்படி இறக்குவது, இத்தனையும் கேட்டுக்கொண்டுதான் வரைய உட்காருவார்கள். அதனால்தான் தட்டையான அடிப்பாகம், பின்கோடியில் என்ஜின், முன்னால் பெட்டி மாதிரி சரக்கறை. என்ஜினை நடுவில் வைத்தால் புரொப்பல்லருக்குப் போகிற தண்டு பின் சரக்கறைக்குள்ளேயே ஓட வேண்டும், அதற்கு ஒரு சுரங்கம் கட்ட வேண்டும், அவ்வளவு இடமும் போச்சு.

சரி, என்ஜினைப் பின்னால் தள்ளினால் வேறொரு தொல்லை. சரக்கெல்லாம் முன்னால் இருக்கும், என்ஜின் அறையோ அதே இடத்தை நிரப்பும் சரக்கைவிட எடை குறைவு, ஆகவே சரக்கறை நிரம்பியதும் மூக்கு தாழ்ந்துவிடும். இதற்கு பிரிட்டனில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். பின்பாதி மேல்தளத்தை மட்டும் மூன்று நான்கு அடி உயர்த்திவிட்டார்கள், பின் சரக்கறை பெரிதாகி எடை பின்னால் போய் கப்பல் மட்டமாக நின்றது. பழைய கோஸ்டர் படங்களில் பக்கவாட்டில் ஒரு படி ஏறுகிற மாதிரி தெரியுமே, அது இதற்காக வைத்ததுதான்.

மாட்டுங்காவிலிருந்து ஓர் ஆசிரியை: என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக இருந்தார். தோணியையும் இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா?

கண்டிப்பாக, டீச்சர். தண்டல் என்றால் கேப்டன், உங்கள் தாத்தா பெரிய ஆள். இருநூறு முந்நூறு டன் சரக்கோடு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போன தோணியைக் கோஸ்டர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? வெங்காயம், உருளைக்கிழங்கு, சிமெண்ட், செங்கல், ஜல்லி எல்லாம் அதில்தான் போயின. பாய் போய் என்ஜின் வந்தது, ஆனாலும் கட்டுகிற முறை பெரிதாக மாறவில்லை. வரைபடம் கிடையாது, ஏராக்கட்டையை, அதாவது அடியில் ஓடும் முதுகெலும்புக் கட்டையை வைத்து, வங்குகளை, அதாவது விலா மரங்களை நிறுத்தி மேஸ்திரி கண்ணாலேயே வளைவைப் பார்த்துச் சொல்வார்.

சின்ன வயதில் நான் மணிக்கணக்காக நின்று பார்த்தது கலப்பத்து வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, தட்டை உளியால் அடித்து அடித்து இறக்குவார்கள். அடிக்கிறவருக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். சத்தம் மந்தமாக வந்தால் இன்னும் திரி போகும், கணீரென்று திரும்பி வந்தால் போதும், அடுத்த சாணுக்கு நகர்ந்துவிடுவார்.

கட்ச் மாண்ட்வியில் ருக்மாவதி ஆற்றங்கரையிலும் கேரளத்தில் பேப்பூரிலும் மரக்கப்பல் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’யைப் பற்றி உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். சரக்கு ஏற்றிய அந்தப் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார், நம் தமிழ் மாலுமிகள் அதை அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு போய் 1938இல் சேர்த்தார்கள். நீளம் தொண்ணூறு அடிகூட இல்லை.

ஐரோலியிலிருந்து ஓர் என்ஜினியரிங் மாணவர்: கோஸ்டர் வரலாற்றில் பெரிய திருப்பம் எது, ஐயா?

என்னைக் கேட்டால் 1852. இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரை ஜாரோ என்ற ஊரில் பால்மர் என்பவர் கட்டிய ‘ஜான் போவ்ஸ்’, நீராவியில் ஓடிய இரும்பு நிலக்கரிக் கப்பல். 650 டன் நிலக்கரியை லண்டனில் இறக்கிவிட்டு ஐந்தே நாளில் திரும்பி வந்தது. அதே அளவு நிலக்கரிக்கு இரண்டு பாய்க்கப்பல்கள் ஏறக்குறைய ஒரு மாதம் அலைய வேண்டியிருந்தது.

வேகத்தைவிட, திரும்பி வரும்போது என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். காலிக் கப்பல் அடிபாரம் இல்லாமல் கடலில் நிற்காது. பாய்க்கப்பல்கள் மணலும் சரளையும் ஏற்றி வந்து டைன் ஆற்றங்கரையில் கொட்டிக் கொட்டி அங்கே குன்றுகளே எழுந்துவிட்டன. கொட்டக் கூலி, அள்ளக் கூலி, காத்திருக்கிற நாள். நீராவிக் கப்பல்களில் அதற்குப் பதிலாகக் கடல்நீரையே அடித்தொட்டிகளில் ஏற்ற ஆரம்பித்தார்கள், வேண்டாதபோது பம்ப் வைத்து வெளியே தள்ளிவிடலாம். இன்றைக்குப் பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் இருக்கிற இரட்டை அடித்தளத்துக்கு அதுதான் ஆரம்பம். அந்த ‘ஜான் போவ்ஸ்’ எண்பது வருடம் ஓடி, 1933இல் ஸ்பெயின் கரையோரம் மூழ்கியது.

அந்தேரியிலிருந்து: பல கோஸ்டர்களுக்கு 499 டன் என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு?

அது எடையே இல்லை. பழைய முறையில் ஒரு பதிவு டன் என்பது மூடிய இடத்தில் நூறு கன அடி. 500ஐத் தொட்டால் பல விதிகள் வந்து உட்காரும், ஆளும் செலவும் கூடும், ஆகவே 499இல் நிறுத்துவார்கள். மேல்தளத்தில் வேண்டுமென்றே ஒரு திறப்பு விட்டு அந்த இடம் மூடியதில்லை என்று கணக்குக் காட்டின கப்பல்களும் உண்டு. கப்பல் அளவு பற்றிய 1969 சர்வதேச ஒப்பந்தம் 1982இல் அமலுக்கு வந்த பிறகுதான் அளவுமுறை மாறியது.

விதி மாதிரியே போகிற வழியும் கப்பலின் அளவைத் தீர்மானிக்கும். ஸ்காட்லாந்தின் சின்னக் கோஸ்டர்களான ‘பஃபர்’ கப்பல்கள் 66 அடியோடு நின்றதற்குக் காரணம் ஃபோர்த்-கிளைடு கால்வாயின் மதகுகள், அதற்குமேல் நீளமானால் உள்ளே நுழையாது. கால்வாயில் நல்ல தண்ணீர் வேண்டிய மட்டும் கிடைத்ததால் நீராவியைத் திரும்பக் குளிர்விக்காமல் புகைபோக்கி வழியே ‘பஃப் பஃப்’ என்று விட்டார்கள், பெயர் அப்படி வந்தது. கடலுக்குப் போன பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது, பெயர் மட்டும் நிலைத்தது. வற்றுநீரில் தீவின் மணலில் உட்கார வைத்து, வண்டியைப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிலக்கரியை இறக்குவார்கள்.

சயானிலிருந்து: வ.உ.சி. கப்பலுக்காக பம்பாய் வந்தார் என்பது உண்மையா?

உண்மைதான். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்த கப்பல் கைவிட்டுப் போனது, பிறகு அவரே இங்கே வந்து அலைந்து ‘காலியா’வோடு ஊர் திரும்பினார், ‘லாவோ’ அடுத்து வந்தது. எதிரில் பிரிட்டிஷ் இந்தியா என்ற நீராவிக் கப்பல் கம்பெனி. கட்டணத்தைக் குறைத்துக் கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். 1908இல் அவரைச் சிறையில் போட்டார்கள், 1911இல் கம்பெனியும் முடிந்துவிட்டது. அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் தண்ணீர் ஆழமில்லை, நீராவிக் கப்பல் சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும், ஆளும் மூட்டையும் படகில் போய் ஏற வேண்டும். இதையெல்லாம் தாண்டி அவர் நடத்தினார் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

பன்வேலிலிருந்து: தரம்தர் கழிமுகப் பக்கம் போகிற பார்ஜ்களின் தளத்தில் தண்ணீர் தட்டுகிற மாதிரி இருக்கிறதே, பயமில்லையா?

பக்கவாட்டில் வட்டமும் குறுக்குக் கோடும் இருக்கும், அதைப் பாருங்கள். கோடு தண்ணீருக்கு மேலே இருந்தால் பயப்பட வேண்டாம். எம்.பி.யாக இருந்த சாமுவேல் பிளிம்சால் போராடி 1876இல் பிரிட்டனில் சட்டமாக்கிய கோடு அது. ஆனால் அப்போது அதை எந்த உயரத்தில் போடுவது என்பதை முதலாளியிடமே விட்டிருந்தார்கள், அதைச் சரிசெய்ய 1890 வரை ஆனது.

கோடு சரியாக இருந்தாலும் சரக்கறை மூடி சரியில்லையென்றால் முடிந்தது. பழைய கோஸ்டரில் குறுக்கு உத்திரங்கள்மேல் மரப்பலகை அடுக்கி, தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். எண்பதுகளில் நான் இருந்த ஒரு கப்பலில் குஜராத்திலிருந்து மூட்டை சிமெண்ட் ஏற்றி வந்தோம். ராத்திரி இரண்டு ஆப்பு கழன்று தார்ப்பாயின் ஒரு மூலை எழும்பியது, காலையில் பார்த்தால் மேல் அடுக்கு மூட்டைகள் கல்லாகக் கிடந்தன, கடப்பாரை போட்டுத்தான் எடுத்தோம். தண்ணீர் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தால் கடப்பாரைக்கு நாங்களே இருந்திருக்க மாட்டோம். எஃகு மூடி வந்தது என்னைப் போன்றவர்களுக்கு உயிர்ப்பிச்சை.

வடாலாவிலிருந்து லாரி புக்கிங் நடத்துகிறவர்: இவ்வளவு நல்லதென்றால் சரக்கு ஏன் இன்னும் ரோட்டில் போகிறது?

உங்களுக்கே தெரியும். லாரியில் ஏற்றுவது ஒரு முறை, இறக்குவது ஒரு முறை. கப்பலென்றால் நடுவில் இரண்டு துறைமுகத்திலும் ஏற்றி இறக்க வேண்டும். கடலில் மிச்சமாகிற பணம் அங்கே போய்விடுகிறது. திரும்பும் சரக்கு இல்லையென்றால் இன்னும் மோசம். சிமெண்ட், நிலக்கரி, தாது மாதிரி மொத்தச் சரக்கு, இரண்டு முனையும் தண்ணீர் பக்கத்தில் என்றால் கப்பலை எதனாலும் ஜெயிக்க முடியாது, கோவாவில் மாண்டோவி ஆற்றுப் பார்ஜ்கள் அப்படி வாழ்ந்தவைதான். ஆறும் கடலும் இரண்டிலும் ஓடும் கப்பல்களுக்கென்று 2013இல் தனி விதி வந்தது நல்ல விஷயம். சின்னத் துறைகளில் நல்ல கிரேனும் சேறு வாரிய வாய்க்காலும் கொடுத்துவிட்டுப் பேசட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

கோரேகாவிலிருந்து: மும்பையில் இதையெல்லாம் கிட்டத்தில் எங்கே பார்க்கலாம்? பையனைக் கூட்டிப்போக வேண்டும்.

மழைக்காலம் முடியட்டும். மீனவர் திருநாளான நாரளி பூர்ணிமா கழிந்து கடல் அடங்கியதும், பாவுச்சா தக்காவிலிருந்து எதிர்க்கரை மோரா போகிற லாஞ்சில் டிக்கெட் எடுங்கள், உள்ளே உட்காராமல் ஓரமாக நில்லுங்கள். காலியாக வருகிற பார்ஜ் ஒன்று தென்படும், பின்பக்கம் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும். சரக்கோடு வருகிற இன்னொன்று மட்டமாக, நீளமாக, தண்ணீரோடு தண்ணீராக வரும். இரண்டையும் காட்டி, ஏன் அப்படி என்று பையனையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.